ஃபைட்டர் மீன் குஞ்சுகளை வீட்டுத் தொட்டியில் வளர்த்தெடுக்கும் முறை

கொளத்தூரிலும் வில்லிவாக்கத்திலும் உள்ள வண்ண மீன் கடைகளில் ஃபைட்டர் ஜோடி வாங்கி வருகிறவர்கள், அவற்றை முட்டையிட வைப்பதில் பெரும்பாலும் வெற்றி பெற்றுவிடுகிறார்கள். முட்டை பொரிப்பதும் பெரிய வித்தையன்று. அந்த வேலையை ஆண் மீனே பார்த்துக்கொள்ளும். தொல்லை அதற்குப் பிறகுதான் வருகிறது. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் முதல் பத்து நாளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு காலையில் தொட்டியே காலியாகக் கிடக்கும். என்ன நோய் வந்ததோ என்று மருந்து தேடுகிறவர்கள் பலர். உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவை பட்டினியால் இறந்தவை. மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள குஞ்சின் வாய்க்குப் பெரிய மீனின் குருணைத் தீவனம் பொருந்தாது; பொடித்துத் தூவினாலும், அசையாத பொருளை உணவென்று அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. உயிருள்ள, நகர்கின்ற, மிகச் சிறிய இரை வேண்டும். அதுவும் குஞ்சு நீந்தும் அன்றே தயாராக இருக்க வேண்டும். ஆகவே இங்கே சொல்லப்படும் வேலைகளின் வரிசை வழக்கத்துக்கு மாறானது: முதலில் குஞ்சுக்கான உணவு, அடுத்துத் தண்ணீர், அதன் பிறகே ஜோடி.

ஜோடி சேர்ப்பதற்குப் பத்து நாள் முன்பே இன்ஃபுசோரியா வளர்க்கத் தொடங்கிவிட வேண்டும். பாரமீசியம் போன்ற நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கு மீன் வளர்ப்போர் வைத்திருக்கும் பொதுப் பெயர் அது. வாய் அகன்ற இரண்டு கண்ணாடி ஜாடிகளை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டியின் பழைய தண்ணீரை ஊற்றி, அதில் உள்ளங்கையளவு முட்டைக்கோஸ் இலையையோ, வாழைப்பழத் தோல் துண்டையோ, மாடு வைத்திருப்பவர் வீட்டில் கிடைக்கும் கொஞ்சம் வைக்கோலையோ போட்டு, நேரடி வெயில் படாத ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில் வைக்கலாம். தொட்டியில் வளரும் பாசியில் ஒரு சிட்டிகை சேர்த்தால், விதை போட்டது போல நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். முதல் இரண்டு மூன்று நாட்களில் தண்ணீர் பால்போலக் கலங்கி நாற்றமடிக்கும். அது பாக்டீரியாவின் காலம். அந்தத் தண்ணீரைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கவே கூடாது. மேலும் சில நாட்கள் பொறுத்தால் கலங்கல் தெளிந்து, நாற்றம் குறைந்து, இருட்டில் ஜாடியின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது தூசுபோன்ற வெண்புள்ளிகள் தாமாகவே திசை மாறி நகர்வது தெரியும். தூசு கீழே இறங்கும். பாரமீசியம் மேலும் கீழும் பக்கவாட்டிலும் போகும். இந்த வேறுபாட்டை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழகிக்கொண்டால், ஜாடி தயாரா இல்லையா என்பதைப் பிறரிடம் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது ஜாடியை மூன்று நாள் இடைவெளி விட்டுத் தொடங்குவது நல்லது. ஒன்று சரிந்துபோனால் மற்றொன்று கைகொடுக்கும்.

அடுத்தது ஆர்ட்டீமியா. உப்பு நீரில் வாழும் இந்தச் சிறு உயிரியின் உலர்ந்த முட்டைகள் டப்பாக்களில் கிடைக்கின்றன. வடசென்னையின் கடற்காற்றில் ஈரம் மிகுதி என்பதால் ஒருமுறை திறந்த டப்பாவை அலமாரியில் வைத்தால் சில வாரங்களிலேயே பொரிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே சரி. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல் உப்பைக் கரைத்து, அடிப்பகுதியை வெட்டித் தலைகீழாக நிறுத்திய பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, மூடி இருக்கும் அடிமுனை வரை ஏர் பம்ப் குழாயைக் கொண்டுசென்று நன்றாகக் குமிழி விட வேண்டும். முட்டைகள் ஓரிடத்தில் தேங்காமல் சுழன்றுகொண்டே இருக்கும் அளவுக்குக் காற்று தேவை. மேலே ஒரு விளக்கும் எரிய வேண்டும். ஒரு ஈற்றுக் குஞ்சுகளுக்கு நாளொன்றுக்குக் கால் தேக்கரண்டி முட்டை தாராளம். 28 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதிக்கு இதற்கென ஹீட்டர் தேவைப்படாது.

பொரிந்த ஆர்ட்டீமியாவைப் பிரித்தெடுப்பதில் அவசரம் கூடாது. பம்பை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் விட்டால் வெற்று ஓடுகள் பழுப்பு நுரையாக மேலே மிதக்கும்; பொரியாத முட்டைகள் அடியில் படியும்; உயிருள்ளவை ஆரஞ்சு நிற மேகமாக இடையில் திரளும். பாட்டிலின் மேற்பகுதியைக் கறுப்புத் துணியால் மூடிக் கீழ்ப்பக்கம் டார்ச் வைத்தால் அவை வெளிச்சத்தை நோக்கி இறங்கிவிடும். அந்த மேகத்தை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி, நெருக்கமான வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக் கொடுக்க வேண்டும். ஓடும் பொரியாத முட்டையும் குஞ்சின் வயிற்றுக்குள் போனால் குடல் அடைத்துக்கொள்ளும் ஆபத்துண்டு. பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுப்பதே பயனுள்ளது. ஆர்ட்டீமியா தன் உடலில் சேமித்திருக்கும் கொழுப்பைத் தானே செலவழித்துக்கொண்டிருப்பதால், பழையதாக ஆக அதில் சத்துக் குறைகிறது.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து விடும் பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. சிறிய தொட்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குஞ்சு தின்பதைவிட அடியில் படிந்து அழுகுவதே மிகுதி. நம் ஊர் வெப்பத்தில் ஒரே இரவில் தண்ணீர் கெட்டுவிடும். அதேபோல, கழிவுநீர் ஓடும் கால்வாய்களிலிருந்து அள்ளி வரப்படும் சிவப்பு டியூபிஃபெக்ஸ் புழுவும் வளர்ந்த மீனுக்கே ஐயத்துக்குரியது. குஞ்சுத் தொட்டியில் அதற்கு இடமில்லை. குளத்துத் தண்ணீரில் வடித்த இரையும் வேண்டாம். அதனோடு ஹைட்ராவும் தட்டான் பூச்சியின் இளம்புழுவும் உள்ளே வந்துவிடும். ஹைட்ரா தன் கொடுக்குகளால் குஞ்சைப் பிடித்துத் தின்பதை நேரில் பார்த்தவர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

இனித் தண்ணீர். வடசென்னையில் ஒரே தெருவுக்குள்ளேயே மூன்று வகைத் தண்ணீர் புழங்குகிறது. குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரிலும், அதைவிட மிகுதியாக லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். பெரிய மீனுக்குச் செவுள் எரிச்சலோடு போகிற அளவு, குஞ்சுக்கு உயிரையே எடுத்துவிடும். அகலமான வாளியில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க வைத்திருந்தால் குளோரின் வெளியேறிவிடும். அவசரத்துக்குக் கடைகளில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து உதவும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் கடலை ஒட்டிய பகுதிகளில் உப்பும் கடினத்தன்மையும் ஏறியிருக்கும். ஃபைட்டர் ஓரளவு கடினமான நீரையும் தாங்கும் மீன்தான். அதற்கு ஒத்துக்கொள்ளாதது தண்ணீரின் குணம் திடீரென்று மாறுவது. இன்று போர், நாளை லாரி, மறுநாள் கேன் என்று கிடைத்ததை ஊற்றுகிறவர்களின் தொட்டியில் குஞ்சு நிலைப்பதில்லை. எந்தத் தண்ணீர் மூன்று மாதமும் தடையின்றிக் கிடைக்குமோ அதையே தேர்ந்தெடுத்து, முட்டையிடும் நாளிலிருந்து அதையே பயன்படுத்துவதுதான் அறிவுடைமை. வாய்க்கு உவர்ப்புத் தெரிகிற போர் தண்ணீராக இருந்தால், பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்து, அந்த விகிதத்தையும் கடைசிவரை மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம்.

நம் தெருக்களில் பாதாம் மரம் என்று சொல்லப்படும் நாட்டு வாதுமையின் இலை இதற்குப் பெரிய துணை. மரத்திலேயே காய்ந்து, பழுப்பாகித் தானாக உதிர்ந்த இலையை எடுத்து, நன்றாகக் கழுவி, இருபது லிட்டர் தொட்டிக்கு ஒன்று என்ற கணக்கில் போட்டால், இரண்டொரு நாளில் தண்ணீர் தேநீர் நிறமாகும். அந்தச் சாறு பூஞ்சையைச் சற்று அடக்கி வைக்கிறது. மெதுவாக மக்கும் இலையின் மேல் நுண்ணுயிர்கள் வளர்வதால், நாம் உணவு கொடுக்காத நேரத்திலும் குஞ்சுகளுக்கு மேய்வதற்கு ஏதாவது இருக்கும். பச்சை இலை கூடாது. கொசு மருந்துப் புகை அடிக்கும் சாலையோரத்து மரத்தின் இலையும் கூடாது.

தொட்டி பதினைந்து முதல் இருபது லிட்டர் பிடிப்பதாக இருந்தால் போதும். ஆனால் தண்ணீரின் உயரம் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அடியில் கூழாங்கல், மணல் எதுவும் போடக் கூடாது. கீழே விழும் முட்டையை ஆண் மீன் தேடி எடுக்க வேண்டும். பின்னால் நாமும் கழிவை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஓரத்தில் ஒரு பிடி ஜாவா மாஸ் அல்லது வேறு நீர்ச்செடி இருந்தால் பெண் மீன் ஒளிந்துகொள்ள இடமாகும். தொட்டிக்கு மூடி கட்டாயம். அதன் காரணம் பின்னால் வருகிறது.

ஜோடி சேர்ப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மாதம் நிறைந்த, ஒரு வயதைத் தாண்டாத ஆணும், உடலில் குறுக்குக் கோடுகள் தெரிய வயிறு திரண்டு, அடிவயிற்றில் வெள்ளைப் புள்ளி துருத்திய பெண்ணும் வேண்டும். ஆணைத் தொட்டியில் விட்டு, இருபுறமும் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை நடுவில் நிறுத்தி, அதற்குள் பெண்ணை விட்டால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். மிதக்கும் இலைக்கடியில் ஆண் நுரைக்கூடு கட்டி முடித்த பிறகு பாட்டிலைத் தூக்கிவிடலாம். முட்டையிட்டு முடிந்து, ஆண் துரத்தத் தொடங்கியதும் பெண்ணை வெளியே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் அது கிழிந்த துடுப்புகளோடுதான் வெளியே வரும்.

இதற்குப் பிந்தைய மூன்று முதல் ஐந்து நாட்கள் தகப்பனுடையவை. ஆண் பொறுப்பேற்கும் மீனினங்களில் கடற்குதிரை பெயர் பெற்றது. அதன் ஆண் வயிற்றுப் பையிலேயே முட்டைகளைச் சுமக்கிறது. கடற்குதிரையை வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டுக் கடைகளில் விசாரிப்பவர்களும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது 2001இல் சேர்க்கப்பட்டுவிட்டதால், நம் கடலில் பிடித்ததை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். தகப்பன் குஞ்சைக் காக்கும் காட்சியைச் சட்டச் சிக்கல் இல்லாமல் வீட்டில் பார்க்க ஃபைட்டரே போதும். முட்டைகள் 24 முதல் 48 மணி நேரத்தில் பொரிகின்றன. பொரிந்த குஞ்சு கண்ணும் வாலும் மட்டும் உள்ள ஒரு நூல் துண்டாக, தலை மேலும் வால் கீழுமாக நுரையிலிருந்து தொங்கும். பிடி நழுவி ஒன்று கீழே இறங்கும்போது ஆண் மீன் பாய்ந்து சென்று வாயில் கவ்வி, மேலே வந்து, குமிழியோடு சேர்த்து நுரைக்குள் துப்பிவிடும். இரவு பகலென்று பாராமல் இந்த வேலை நடக்கும். அந்நாட்களில் அறை விளக்கு மங்கலாகவாவது எரிய வேண்டும். ஆணுக்கு இரை போட வேண்டாம். தொட்டியைத் தட்டுவதும் நகர்த்துவதும் கூடவே கூடாது. மிரண்ட ஆண் முட்டைகளைத் தானே தின்றுவிடும். முதல் ஈற்றை அவ்வாறு தின்னும் இளம் ஆண்கள் உண்டு. அதற்காக அந்த மீனையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

பொரிந்த இரண்டு அல்லது மூன்றாம் நாளில் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவின் பை கரைந்து, குஞ்சுகள் தொங்குவதை விட்டுக் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கும். ஆணை எடுக்க வேண்டிய நேரமும், முதல் உணவு கொடுக்க வேண்டிய நேரமும் இதுவே. தொங்கிக்கொண்டிருக்கும்போதே உணவை ஊற்றுவது வீண்; நீந்தத் தொடங்கிய பிறகு ஒரு நாள் தவறவிட்டாலும் நட்டம். தெளிந்த இன்ஃபுசோரியா தண்ணீரை மேல்மட்டத்திலிருந்து எடுத்து, துணியில் வடித்து, காலையும் மாலையும் ஒரு சிறு தம்ளர் அளவு ஊற்ற வேண்டும். நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் மிகக் கொஞ்சமாக ஆர்ட்டீமியாவைச் சேர்த்துப் பார்க்கலாம். அரை மணி நேரம் கழித்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், தின்ற குஞ்சின் கண்ணாடி போன்ற உடலுக்குள் வயிறு மட்டும் ஆரஞ்சுப் பொட்டாக உப்பித் தெரியும். எத்தனை குஞ்சுக்குப் பொட்டு இருக்கிறது என்று பார்ப்பதே, உணவின் அளவை முடிவு செய்வதற்கு என் அனுபவத்தில் நம்பத்தகுந்த ஒரே வழி. பாதிக்கு மேல் பொட்டு இல்லையென்றால் இன்னும் சில நாள் இன்ஃபுசோரியாவைத் தொடர வேண்டும்; ஈற்றில் சிறியவை எப்போதும் பின்தங்கும் என்பதால், பெரியவை ஆர்ட்டீமியாவுக்கு மாறிய பின்னும் முதல் வாரம் முழுவதும் இரண்டையும் சேர்த்தே கொடுப்பது நல்லது. ஆர்ட்டீமியா நல்ல தண்ணீரில் சில மணி நேரமே உயிரோடிருக்கும். மிஞ்சியது செத்து அழுகும். ஆகவே ஒரே தடவையில் கொட்டாமல், நாளுக்கு மூன்று நான்கு முறை சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும்.

உணவு ஏறஏறக் கழிவும் ஏறும். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் உண்டாகும் அம்மோனியா, காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூடக் கடுமையாகிறது. நம் ஊர்த் தண்ணீரில் இரண்டும் கூடுதலே. முதல் சில நாட்கள் தண்ணீரை மாற்றாமல், ஏர் பம்ப் குழாயின் முனையில் ஒரு மெல்லிய குச்சியைக் கட்டி, அடியில் படிந்த அழுக்கை மட்டும் புள்ளி புள்ளியாக உறிஞ்ச வேண்டும். குழாயின் மறுமுனையை வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் விட்டால், தப்பித் தவறி வந்துவிட்ட குஞ்சு வெள்ளைப் பின்னணியில் இரு கறுப்புக் கண்களாகத் தெரியும். கரண்டியால் எடுத்துத் திரும்ப விட்டுவிடலாம். சாக்கடையில் நேரே விடுகிறவர்களுக்கு எத்தனை போயின என்றே தெரியாது. எடுத்த அளவுத் தண்ணீரை, குழாயில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். புதுத் தண்ணீரின் வெப்பம் தொட்டியின் வெப்பத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வாரத்தில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைக்கலாம். குமிழியை எண்ணிவிடும் அளவுக்குக் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லையேல் நீரோட்டத்தை எதிர்த்தே குஞ்சுகள் களைத்துப்போகும். பூஞ்சைக்கு அஞ்சி மெத்திலீன் ப்ளூ ஊற்றும் வழக்கம் பரவலாக உள்ளது. முட்டைப் பருவத்தோடு அதை நிறுத்திவிட வேண்டும். நீந்தும் குஞ்சுகளின் தொட்டியில் ஊற்றினால், நாம் பாடுபட்டு வளர்த்த நுண்ணுயிர்களையே அது கொன்றுவிடும்.

மூடியைப் பற்றி முன்பே குறிப்பிட்டேன். ஃபைட்டர் செவுளால் மட்டுமன்றி, தலைக்குள் உள்ள லேபிரிந்த் என்னும் தனி உறுப்பாலும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன். பிறக்கும்போது அந்த உறுப்பு இருப்பதில்லை. மூன்று நான்கு வாரமாகும்போதுதான் அது உருவாகிறது. அந்நாட்களில் குஞ்சு மேலே வந்து முதல் முதலாகக் காற்றை விழுங்கும்போது, நீர்ப்பரப்பின் மேலுள்ள காற்று தண்ணீரைவிடக் குளிர்ந்திருந்தால் பல குஞ்சுகள் இறக்கின்றன. மின்விசிறிக்கு நேர்கீழே, ஏசி அறையில், மார்கழி விடியலில் திறந்த பால்கனியில் வைத்த தொட்டிகளில் இதைப் பார்க்கலாம். கண்ணாடி மூடியோ, நெகிழித் தாளோ போட்டு, ஓர் ஓரம் மட்டும் காற்றுக்கு விட்டால் உள்ளே ஈரமும் வெதுவெதுப்பும் நிற்கும். டிசம்பர், ஜனவரியில் மட்டும் 50 வாட் ஹீட்டரை 28 டிகிரியில் வைத்துக்கொள்ளலாம். கோடையில் நேர்மாறான கவலை: மொட்டை மாடித் தொட்டிக்குப் பச்சை நிழல்வலை இல்லையென்றால் மே மாத நண்பகலில் தண்ணீர் கொதித்துவிடும். மின்வெட்டுக்குக் குஞ்சுத் தொட்டி அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை. ஆர்ட்டீமியா பாட்டில்தான் அஞ்ச வேண்டும், காற்று நின்றால் முட்டை பொரியாது. பேட்டரியில் ஓடும் சிறிய பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. மொட்டை மாடியில் இன்ஃபுசோரியா ஜாடியோ குளோரின் போவதற்காகத் தண்ணீர் பிடித்த வாளியோ வைத்திருப்பவர்கள் மேலே கொசுவலைத் துணி கட்ட மறக்கக் கூடாது. டெங்கு பரப்பும் கொசு இத்தகைய நல்ல தண்ணீரைத்தான் நாடுகிறது; மாநகராட்சிப் பணியாளர்கள் சோதனைக்கு வரும்போது அவர்களுக்கு மீன் வளர்ப்பின் நுணுக்கத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இந்த வயதில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய நோய் வெல்வெட். இருட்டில் டார்ச் அடிக்கும்போது குஞ்சின் முதுகில் தங்கத் தூள் தூவியது போலத் தெரியும். துடுப்புகளை ஒட்ட வைத்துக்கொண்டு, இரையைத் தேடாமல் ஓரமாக நிற்கும். சில நாளில் ஈற்றையே அழித்துவிடும். செம்பு கலந்த மருந்துகள் வளர்ந்த மீனுக்கு உண்டு, குஞ்சுக்கு அவற்றின் அளவைக் கணிப்பது கடினம். வெதுவெதுப்பான, அழுக்கில்லாத தண்ணீரும், வேறு தொட்டியில் பயன்படுத்திய வலையையும் குழாயையும் இதில் நுழைக்காத ஒழுங்குமே நடைமுறையில் கைகொடுக்கும் தடுப்பு.

ஒரு மாதம் கடந்த குஞ்சு ஏறத்தாழப் பிழைத்துவிட்டது எனலாம். இருபது லிட்டர் தொட்டி இனிப் போதாது. ஐம்பது லிட்டருக்கோ மாடியில் உள்ள சிமெண்ட் தொட்டிக்கோ மாற்றி, ஆர்ட்டீமியாவோடு வீட்டில் வளர்த்த மொய்னா என்னும் சிறு நீர்த் தெள்ளையும் நன்றாகப் பொடித்த தீவனத்தையும் பழக்க வேண்டும். இந்தப் பருவத்தில் வளர்ச்சியைத் தீர்மானிப்பது தண்ணீர் மாற்றுவதுதான். இரண்டு நாளுக்கொரு முறை மூன்றில் ஒரு பங்கு மாற்றும் தொட்டியின் குஞ்சுகளும், வாரம் ஒருமுறை மாற்றும் தொட்டியின் குஞ்சுகளும் ஒரே ஈற்றில் பிறந்தவை என்று சொன்னால் நம்ப முடியாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் நிறம் ஏறும். இரண்டரை மூன்று மாதத்தில் ஆண்கள் செவுள் மூடியை விரித்து ஒன்றையொன்று மிரட்டத் தொடங்கும். வால் நுனி கிழிந்த மீன் ஒன்று கண்ணில் பட்டவுடன் ஆண்களை ஆளுக்கொரு ஜாடியில் பிரித்துவிட வேண்டும், கிழிந்த வால் கொண்ட மீனுக்குக் கடையில் விலை இல்லை. பக்கத்துப் பக்கத்து ஜாடிகளுக்கு இடையில் அட்டை வைத்தால் ஓயாமல் சீறிக் களைக்காது. பெண்களை இடம் தாராளமாக இருந்தால் ஒன்றாகவே விட்டு வைக்கலாம்.

நூறு இருநூறு குஞ்சு தேறும் ஈற்றில் ஆண்கள் பாதியென்றாலும் அத்தனை ஜாடி எந்த வீட்டிலும் இருக்காது. ஜோடி சேர்ப்பதற்கு முன்பே கொளத்தூர்க் கடைக்காரர் ஒருவரிடமோ, மீன் வளர்க்கும் நண்பர்களிடமோ பேசி வைத்துக்கொள்வது நல்லது. வால் அமைப்பும் நிறமும் தெளிந்தவற்றைக் கடைகள் எடுத்துக்கொள்கின்றன, மற்றவற்றை இலவசமாகக் கொடுத்தால் வாங்கப் பிள்ளைகள் எப்போதும் உண்டு. மிஞ்சியதை ரெட்டேரியிலோ புழல் ஏரியிலோ கொண்டுபோய் விடுவது மட்டும் கூடாது. தாய்லாந்தைச் சேர்ந்த இந்த மீன் நம் ஏரிக்கு அயல் இனம், நம் தொட்டியின் நோயும் அதனோடு சேர்ந்தே அங்கு போகும்.